ஒன்பதாம் கலத்தில் உள்ளானைக் கொன்றவர்

கிழக்குத் தாம்பரத்தில், ஒரு பல் மருத்துவமனைக்கும் ஒரு ஜாதக நிலையத்துக்கும் மேலே இருந்த இரண்டாம் மாடியில் அற்றுப்போன உயிரினங்கள் மீட்டெழுப்பு வாரியம் சிறப்பாக இயங்கிவந்தது. சிறப்பாக இயங்குகிறது என்று அதன் ஆண்டறிக்கையே ஆறு முறை சொல்லியிருந்தது. அந்த ஆறு ஆண்டுகளில் வாரியம் மீட்டெழுப்பிய உயிரினங்கள் எதுவும் இல்லை. ஆனால் மீட்டெழுப்புவதற்கான விதிகள் நூற்று நாற்பத்திரண்டு பிறந்திருந்தன. எல்லாம் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தன. வருஷத்துக்கு ஒருமுறை உபவிதிகள் வேறு ஈன்றன.

வாரியம் எடுத்துக்கொண்ட முதல் உயிரினம் சாம்பல்கொண்டை உள்ளான். கழிமுகத்துச் சேற்றில் நடந்து புழு பொறுக்குகிற, கைப்பிடிக்குள் அடங்கிவிடும் ஒரு பறவை. எண்பது சொச்சம் வருஷத்துக்கு முன்பே அற்றுப்போனது. வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியில் ஆணும் பெண்ணுமாக, பாடம் செய்யப்பட்ட இரண்டு உள்ளான்கள் நின்றன. அவற்றின் தோலிலிருந்து எடுத்த ஏதோ ஒரு துணுக்கை வைத்து, மறைமலை நகரில் வாடகைக்குப் பிடித்த ஒரு கொட்டகையில் மூன்று முட்டைகளை உண்டாக்கியிருந்தார்கள். அது விஞ்ஞானிகள் செய்த காரியம். ஆகவே அலுவலகத்தில் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

அடைகாக்கும் பெட்டியிலிருந்த முட்டைகளை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவைக்க வேண்டும். திருப்புவதற்கு முன் 'முட்டை திருப்புதல் பதிவேட்டில்' கண்காணிப்பாளர் கையெழுத்திட வேண்டும். பொங்கலுக்கு நான்கு நாள் விடுமுறை வந்தது. திரும்பிவந்து பார்த்தபோது இரண்டு முட்டைகள் கெட்டுப்போயிருந்தன. பதிவேட்டில் அவற்றுக்கு நேரே 'நிலுவை' என்று குறிக்கப்பட்டது.

மிஞ்சிய ஒரு முட்டை இன்னும் பதினெட்டு நாளில் பொரிந்துவிடும் என்று கொட்டகையிலிருந்து செய்தி வந்தது. வாரியம் திடுக்கிட்டுப்போயிற்று. ஆறு ஆண்டுகளில் முதல்முறையாக ஒரு வேலைக்குக் கடைசி நாள் என்று ஒன்று ஏற்பட்டிருந்தது.

பறவையை விடுவிப்பதற்கான படிவத்தை நிரப்பும் பொறுப்பு ஸ்ரீரங்கன் தலையில் விழுந்தது. அவனுக்கு இருபத்து நான்கு வயது; பதினோரு மாத ஒப்பந்தத்தில் உதவியாளர். திருநீர்மலையில் வீடு. மாலையில் தாம்பரத்திலேயே ஒரு கல்லூரியில் பொது நிர்வாகம் படித்தான். அன்றன்று நடந்ததை எண்ணிட்டு ஒரு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. வாரியத்தில் சேர்ந்த பிறகு எழுதிய பக்கங்களில் பெரும்பாலானவை இப்படி முடிந்தன: 'இந்த விதி எனக்குப் புரியவில்லை. தவறு என்னுடையதாக இருக்கலாம்.' மாலை வகுப்பில், எந்த விதிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பத்து மாதமாக அவன் காரணங்களைத் தேடிக்கொண்டிருந்தான்.

படிவத்தின் ஒன்பதாம் கலம்: 'இவ்வுயிரினத்தை வேட்டையாடியவர் பெயர்.' பத்தாம் கலம்: 'வேட்டையாடியதற்கான காரணம்.'

"தம்பி, ஒன்பதுல ஒரு பேரு வேணும்" என்றார் கண்காணிப்பாளர் தோத்தாத்ரி. ஓய்வுபெற நான்கு மாதம் இருந்தது அவருக்கு. எந்தக் காகிதத்தையும் அது சூடாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் நுனியில் பிடித்துத்தான் வாங்குவார். "பேரு இல்லாம ஃபைல் மேல போகாது."

"எண்பது வருஷம் ஆச்சே சார். கொன்னது யாருன்னு எப்படித் தெரியும்?"

"தெரியலைன்னா பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்கதான். தண்ணிக்குப் பக்கத்துல யார் இருக்கா? மீன் பிடிக்கறவங்க. போய் ஒரு வாக்குமூலம் வாங்கிண்டு வாங்கோ."

விடுவிப்பதற்கென்று தேர்ந்திருந்த இடம் முட்டுக்காட்டுப் பக்கம் கழிமுகத்தை ஒட்டிய ஒரு மீனவர் குப்பம். மொத்தம் நாற்பத்திரண்டு வீடுகள். ஒன்பதாம் கலத்தில் அந்தக் குப்பத்துப் பெயர் ஒன்று ஏறினால் அறுபத்தோராம் விதி தானாக எழுந்து நிற்கும்: வேட்டைக்காரரோ அவர் வாரிசுகளோ வாரியத்தின் எந்த விடுவிப்பு இடத்துக்கும் ஐந்து கிலோமீட்டருக்குள் குடியிருக்கக் கூடாது. குப்பத்தில் எல்லோரும் ஒரே வம்சம்; அதாவது நாற்பத்திரண்டு வீடுகளும் காலி. கடல் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஓர் அடுக்குமாடியில் அவர்களுக்கு இடம் தரப்படும். படகுகளை எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை.

ஸ்ரீரங்கன் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று இரண்டு பஸ் மாறிக் குப்பத்துக்குப் போனான்.

அங்கே சின்னதம்பி என்ற மீனவர் தன் படகின் இன்ஜினைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து, அறுபது வயதிருக்கும். மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்த அவர் மனைவி பூவம்மாள், அலுமினியக் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாப்பா, சென்சஸா?" என்றார் சின்னதம்பி.

"இல்லீங்க அண்ணா. ஒரு பறவை விஷயமா வந்திருக்கேன்." உள்ளானின் படத்தைக் காட்டினான்.

"அட, குச்சிக்காலி! இத்த நான் பாத்ததில்ல. எங்க பாட்டன் சொல்லிக்கினே இருப்பாராம்."

ஸ்ரீரங்கன் படிவத்தைப் பார்த்து, ஒரு சொல்கூட மாற்றாமல் படித்தான். "தங்கள் குடும்பத்தில் எவரேனும் மேற்படி உயிரினத்தை உணவுக்காகவோ வணிகத்துக்காகவோ பெருமைக்காகவோ வேட்டையாடியதுண்டா?"

பூவம்மாள் சிரித்துவிட்டாள். "ஏந்தம்பி, இத்தினியூண்டு குருவிய புடிச்சி இன்னா பண்றது? ஒரு வாய்க்குக் காணாது. இத்தத் துன்னுட்டு அப்பால பசிக்குதுன்னு இன்னொரு தபா ஒல வைக்கணும்."

"அப்ப யார்தான் அக்கா கொன்னாங்க?"

சின்னதம்பி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், சட்டம் போட்ட ஒரு காகிதத்தை எடுத்துவந்தார். "ஆபீசு ஆளு நீ, எங்க பாட்டன் முனியனுக்குக் குடுத்த இந்தக் காயிதத்தயும் பாத்துட்டுப் போ. சாமி படத்தாண்ட மாட்டி வச்சிகிறோம். இங்லீஸ்ல கீது. வூட்டுப் பத்திரம்னு எங்கப்பா சொல்லுவாரு. நீ படிச்ச புள்ள. இன்னான்னு பாரு."

அது வீட்டுப் பத்திரம் அல்ல. 1939ஆம் ஆண்டின் நற்சான்று. முனியன் என்பவர், இக்கரையில் எஞ்சியிருந்த கடைசி ஜோடி உள்ளான்களை, கூட்டோடும் நான்கு முட்டைகளோடும், காட்சியக அலுவலகத்தின் உத்தரவுப்படி, ஓர் இறகும் சேதமாகாமல் கொண்டுவந்து ஒப்படைத்தமைக்காக மனமுவந்து வழங்கப்படுகிறது. கீழே முத்திரை. அந்தக் காட்சியக அலுவலகம்தான் பெயர் மாறி, கட்டடம் மாறி, கடைசியில் பல் மருத்துவமனைக்கு மேலே வந்து சேர்ந்திருந்தது. முனியனின் உள்ளான்களைத்தான் ஸ்ரீரங்கன் தினமும் காலையில் வரவேற்பறையில் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் தமிழில் சொல்லச் சொல்ல சின்னதம்பி தலையாட்டினார். "ஆமா, அந்தக் கத தெரியும். 'ரெண்டே ரெண்டு தான் கீது தொர, வுட்டுர்லாம்'னு பாட்டன் சொன்னாராம். அந்த ஆபீசரு, 'ரெண்டு தானா? அப்ப சீக்கிரம் போ'ன்னு முடுக்கி வுட்டாராம்."

"அப்போ இது வூட்டுப் பத்திரம் இல்லியா?" என்றாள் பூவம்மாள்.

"இல்லீங்க அக்கா."

அவள் சட்டத்தை வாங்கிப் புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு உள்ளே கொண்டுபோய் மாட்டவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் ஸ்ரீரங்கன் ஒன்பதாம் கலத்தில் காட்சியக அலுவலகத்தின் பெயரை எழுதி, அடைப்புக்குறிக்குள் 'தற்போதைய பெயர்: இவ்வாரியம்' என்று சேர்த்தான். பத்தாம் கலத்தில் எதையாவது தேர்ந்தெடுத்துத்தான் ஆகவேண்டும். பசி, வியாபாரம், பெருமை, அறியாமை என்று நான்குதான் இருந்தன. 'பாதுகாப்பதற்காக' என்று ஒன்று இல்லை. அரை மணி நேரம் யோசித்துவிட்டு வெறுமனே விட்டான்.

தோத்தாத்ரி அந்தக் காகிதத்தை நுனியில் பிடித்தபடியே மூன்று முறை படித்தார்.

"என்ன தம்பி, நம்ம ஆபீஸையே எழுதிட்டீங்க?"

"சான்றிதழ்ல அப்படித்தான் சார் இருக்கு. நான் தப்பாப் படிச்சிருந்தா சொல்லுங்க."

"நீங்க சரியாத்தான் படிச்சிருக்கீங்க. அதான் பிரச்சினை. பேசாம முனியன்னு எழுதி, அறியாமைன்னு போடுங்க. அறியாமைக்கு யாரும் ஆட்சேபணை சொல்ல மாட்டா. நான் சர்வீஸ்ல பார்த்திருக்கேன், அறியாமைன்னு போட்ட ஃபைல் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லை."

விஷயம் இயக்குநர் ஷ்யாம்சுந்தர் வரை போயிற்று. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போன ஸ்ரீரங்கன் ஏமாந்தான். அவன் எடுத்துவந்திருந்த நற்சான்றின் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து இயக்குநர் நெகிழ்ந்துபோனார்.

"என்ன ஒரு தொலைநோக்கு பாருங்க தோத்தாத்ரி! ரெண்டுதான் மிச்சம்னு தெரிஞ்சதும் நம்ம முன்னோர்கள் ஒரு நிமிஷம் தாமதிக்கல. உடனே எடுத்துப் பத்திரப்படுத்திட்டாங்க. அன்னிக்கு அவங்க விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"உயிரோட இருந்திருக்கும் சார்" என்றான் ஸ்ரீரங்கன். கேள்வி கேட்டால் விடை சொல்ல வேண்டும் என்றே அவன் வளர்க்கப்பட்டிருந்தான்.

"எக்ஸாக்ட்லி. உயிரோட இருந்திருக்கும். அப்புறம் நாம எதை மீட்டெழுப்பறது?"

பிறகு இயக்குநர், குப்பத்து மக்களைக் கூட்டி ஒரு கருத்துக் கேட்பு வைக்கலாம் என்றார். அவர்களே வந்து, ஆமாம் எங்கள் பாட்டன்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் யாருக்கும் மனக்கஷ்டம் இருக்காது. வீடுகளைக் காலிசெய்யும் உத்தரவை அங்கேயே கையெழுத்தாக்கிக் கொடுத்துவிடலாம். தபால் செலவும் மிச்சம்.

அன்று ஸ்ரீரங்கன் நோட்டில் ஒரே ஒரு வரிதான் எழுதினான்: 'நாற்பத்திரண்டு வீடு.' அதற்குக் கீழே, தவறு என்னுடையதாக இருக்கலாம் என்று எழுதப்போய் நிறுத்தினான். உண்மையிலேயே அப்படி ஆகிவிடுமோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது. அந்தக் குப்பத்துக்குப் போய் அந்தச் சட்டத்தை வாங்கிப் படித்தது அவன்தானே.

குப்பத்து மக்களின் கருத்தைக் கேட்பதற்காக, குப்பத்திலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி, சேலையூரில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்தார்கள். முதல் நாள் ஏதோ வரவேற்பு நடந்திருந்தது. மேடையிலிருந்த தெர்மோகோல் அன்னங்களை யாரும் எடுக்கவில்லை. மணமக்களின் சிவப்புச் சோபாவில் இயக்குநர் அமர்ந்தார். பக்கத்தில் தோத்தாத்ரி, கணக்கு அலுவலர் பாலு. நடவடிக்கைக் குறிப்பு எழுத தீபா. உள்ளூர் கேபிள் டிவிக்காரர் ஒருவர் கேமராவை ஊன்றியிருந்தார். குப்பத்தார் இரண்டு மீன் வண்டிகளில் நின்றபடி வந்து இறங்கினார்கள். சமோசா மேடைக்கு மட்டும் என்று ஏற்பாடு.

விதிகளை வாசிக்கும் வேலை ஸ்ரீரங்கனுடையது. மைக்கில் மூன்றாம் விதியை வாசித்தான். "வேட்டைக்காரர் என்பவர், எந்த ஓர் உயிரினத்தையும் கொல்பவர், பிடிப்பவர் அல்லது அதன் வாழிடத்திலிருந்து அகற்றுபவர் ஆவார்." பிறகு அறுபத்தொன்றை வாசித்தான். பிறகு அதன் இணைப்பாக, இனிமேல் பறவை விடப்போகும் இடங்களின் பட்டியலை: செம்பாக்கம் ஏரி, நாராயணபுரம் ஏரி, பெரும்பாக்கம் ஏரி என்று முப்பத்தொரு ஏரிகள். பிறகு, தன்னிடம் அப்படிக் கேட்கப்படாவிட்டாலும், முனியனின் நற்சான்றையும் தமிழில் வாசித்தான். முத்திரை வரை வாசித்தான்.

சின்னதம்பி எழுந்தார். "சார், எங்க பாட்டன் புடிச்சாரு. இல்லேன்னு சொல்லல. ஆனா புடிச்சினு வரச் சொன்னது உங்க ஆபீசு. அப்ப வேட்டக்காரன் யாரு?"

இயக்குநர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் மைக்கை இழுத்துக்கொண்டார்.

"நல்ல கேள்வி. நிர்வாகத்தின் அடிப்படையே இதுதான். உத்தரவு போடுபவர் எதையும் செய்வதில்லை. நான் இருபத்தெட்டு வருடப் பணியில் எதுவுமே செய்ததில்லை. உத்தரவு மட்டும்தான் போட்டிருக்கிறேன். ஒரு காரியம் யாருடைய கையால் நடக்கிறதோ, அந்தக் கைக்குச் சொந்தக்காரரே அதற்குப் பொறுப்பு. தீபா, இதைத் தீர்ப்பாகவே குறித்துக்கொள்ளுங்கள். வேட்டைக்காரர் என்பவர் கை வைத்தவரே, சொன்னவர் அல்ல."

தீபா குறித்துக்கொண்டாள். மேடையில் கைதட்டினார்கள்.

பூவம்மாள் இருந்த இடத்திலிருந்தே கேட்டாள். "ஏன் சார், இப்ப எங்கள வூட்ட காலி பண்ணச் சொல்றீங்களே. அந்தத் தம்பி இன்னாமோ படிச்சிச்சே, இருக்குற எடத்துலேந்து அகத்துனா அதுவும் வேட்டதான்னு. நாங்க உயிரினம் இல்லியா சார்?"

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. கேபிள் டிவிக்காரர் கேமராவை மேடைப் பக்கம் திருப்பினார்.

இயக்குநர் கேமராவைப் பார்த்தார். "என்னம்மா இப்படிக் கேட்கிறீர்கள்? கண்டிப்பாக நீங்களும் உயிரினம்தான். வாரியம் உங்களை அப்படித்தான் கருதுகிறது."

"அப்ப எங்கள அகத்தறது யாரு கை?"

"அது... உத்தரவை நிறைவேற்றும் உதவியாளரின் கை" என்றார் இயக்குநர். சொன்ன பிறகுதான், வாக்கியம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் தளரவில்லை. உத்தரவையும் பேனாவையும் ஸ்ரீரங்கன் பக்கம் நகர்த்தினார்.

'நிறைவேற்றுபவர்' என்று அச்சிட்ட இடம் வெறுமையாக இருந்தது. ஸ்ரீரங்கன் பேனாவை எடுத்தான். முன்வரிசையில் சின்னதம்பி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டிருக்கலாம்" என்றான். மைக் பக்கத்திலேயே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "இதுல கையெழுத்துப் போட்டா, மூணாம் விதிப்படியும் உங்க தீர்ப்புப்படியும் நான்தானே சார் வேட்டைக்காரன்?"

"டெக்னிக்கலா பார்த்தா..."

"அப்போ முடியாது சார்."

பேனாவைக் கீழே வைத்தான். அவனுடைய ஒப்பந்தம் முடிய மூன்று வாரம் இருந்தது. அது அந்த நிமிஷமே முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் புரிந்தது. அவனுக்கும்.

"சின்னப் பையன். தோத்தாத்ரி, நீங்க போடுங்க."

தோத்தாத்ரி இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டார். "எனக்குக் கோவிலம்பாக்கத்துல வீடு சார். நாராயணபுரம் ஏரி ரெண்டு கிலோமீட்டர்கூட இல்ல. நான் வேட்டைக்காரன்னு ஆயிட்டா, ரிட்டயர் ஆயிட்டு எங்க போய் இருப்பேன்?"

"பாலு?"

"செம்பாக்கம் சார். மாடியில நின்னா ஏரி தெரியும். வாரிசும் போகக் கூடாதாமே சார், ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க."

"தீபா?"

"நான் மினிட்ஸ் எழுதிட்டிருக்கேன் சார்" என்றாள் தீபா. எழுதுவதற்கு ஒன்றும் இல்லாதபோதும் வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"நீயே போடேன் சார்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏரிய பாத்த மாதிரி ஃப்ளாட்டு வாங்கிகிறியா இன்னா?"

பெரும்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த மாதிரி ஃப்ளாட் வாங்கியிருந்த இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். கருத்துக் கேட்பு மிகச் சிறப்பாக நடந்ததென்றும், மக்களின் ஒத்துழைப்புக்கு நன்றியென்றும், மற்றவை பிறகு அறிவிக்கப்படும் என்றும் சொல்லி எழுந்துகொண்டார். மேடை அரை நிமிஷத்தில் காலியாயிற்று. உத்தரவு மேஜைமேல் கிடந்தது. அதைத் தொடவும் பயந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சமோசாக்களும் அப்படியே இருந்தன. பூவம்மாள் மேடையேறி, தட்டை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தாள்.

வெளியே மீன் வண்டிகள் புறப்படத் தயாராக நின்றன. சாலையோரம் நின்றிருந்த ஸ்ரீரங்கனிடம் சின்னதம்பி வந்தார்.

"அந்த முட்ட இன்னா ஆச்சு?" என்றார்.

"நேத்து பொரிஞ்சிடுச்சு அண்ணா. பெட்டியிலதான் இருக்கு. எங்க விடறதுன்னு யாரும் சொல்லல."

"தனியாவா கீது?" என்றாள் பூவம்மாள். "பாவமே. குப்பத்தாண்ட இட்டாந்து வுடச் சொல்லு தம்பி. நாங்க இன்னா துன்னவா போறோம்?"

"நான் சொன்னா கேக்க மாட்டாங்க அக்கா. நாளையிலேர்ந்து எனக்கு அங்க வேலை இருக்காது."

வண்டிக்காரர் ஹார்ன் அடித்தார். பூவம்மாள் ஏறிக்கொண்டாள். சின்னதம்பி ஒரு காலை வண்டியின் படியில் வைத்து, திரும்பி நின்றார்.

"இன்னிக்கு யாரும் கையெழுத்துப் போடல. சர்தான். எத்தினி நாளிக்கு தம்பி தாங்கும்?"

ஸ்ரீரங்கன் யோசித்தான். பொய் சொல்லவும் மனமில்லை.

"என் எடத்துக்குப் புதுசா ஒரு ஆளை எடுக்கற வரைக்கும் அண்ணா."